தண்ணீர் பிடிக்கிற அறை

அந்த அறைக்கு வெளியே பெரிய பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். 'புற்றுநோயாளிகள் மற்றும் துணைவர்களுக்கான மனநல ஆதரவு மையம்.' எழுத்துகளுக்குத் தங்க நிறம் வேறு. உள்ளே போனால் நடுநாயகமாக நின்றுகொண்டிருப்பது தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம். அதற்குப் பக்கத்தில் ஊழியர்கள் சாப்பாடு சூடு பண்ணிக்கொள்கிற மைக்ரோவேவ் அடுப்பு. மூலையில் சக்கரம் கழன்ற நாற்காலிகள். இதெல்லாம் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு மேசை, மூன்று இருக்கைகள். அந்த மிச்சத்துக்குத்தான் அவ்வளவு பெரிய பலகை.

அங்கே உட்காரும் ஆலோசகரை அந்த ஆஸ்பத்திரி மாடி முழுக்க 'பேச்சு மேடம்' என்று கூப்பிட்டார்கள். ஊசி போடுகிறவர், ஸ்கேன் எடுக்கிறவர், தரை துடைக்கிறவர் எல்லாரும் வேலை செய்கிறவர்கள். இவள் சும்மா பேசுகிறவள்.

முன்பு கதவுக்கு உள்தாழ்ப்பாளாவது இருந்தது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் மற்றவர்கள் தண்ணீருக்கு எங்கே போவது என்று அதையும் கழற்றிவிட்டார்கள். நிர்வாக அதிகாரியிடம் போய்க் கெஞ்சினாள், வாதாடினாள், ஒரு தடவை மேசையைத் தட்டியும் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "பேசறதுக்கு எதுக்கு மேடம் தனி ரூம்? வாய் இருந்தா போதாதா?" என்றார். வீட்டில் வாய் திறக்க முடியாதவர்கள்தானே இங்கே வருகிறார்கள்? வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், மாமியார் இருக்கிறார், நலம் விசாரிக்க வந்து அழவைத்துவிட்டுப் போகிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் அழலாம் என்று இங்கே வந்தால் பாட்டிலும் கையுமாக ஆள் நிற்கிறது.

அன்று வரவேண்டிய தம்பதியை நினைத்து அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மனைவி பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்திருந்தார்கள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் வீடு திரும்பியதிலிருந்து அவன் கூடத்தில் படுத்துக்கொள்கிறான். மருந்து, பழம், வண்டி எல்லாம் நேரத்துக்கு வந்துவிடுகின்றன, அவன் மட்டும் பக்கத்தில் வருவதில்லை. "என்னைப் பாக்கவே அருவருப்பா இருக்கு போல மேடம். சுவத்தப் பாத்துதான் பேசறாரு," என்று தனியாக வந்தபோது மனைவி சொல்லியிருந்தாள். இன்றைக்கும் அவன் வாய் திறக்கவில்லை என்றால் இங்கிருந்தே அக்கா வீட்டுக்குப் போய்விடப் போகிறாளாம். போனால் லேசில் திரும்புகிற ஆள் இல்லை அவள்.

இது போதாதென்று நிர்வாக அதிகாரி தலையை நீட்டி, நன்கொடை கொடுத்தவர்கள் மையத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார். "கவுன்சிலிங் நடக்கற மாதிரி ஒரு போட்டோ வேணும். கொஞ்சம் சிரிச்ச மொகமா ஒரு பேஷன்ட்டைப் பாத்து வைங்க." சிரித்த முகமாக ஒரு புற்றுநோயாளி! நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

தம்பதி வந்தார்கள். மனைவி துணி அடைத்த பையைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "எனக்கென்ன மேடம், நான் நல்லாத்தான் இருக்கேன், அவளுக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்லுங்க" என்று இதற்கு முன்பெல்லாம் தட்டிக் கழித்தவன், இன்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினான்.

"அன்னைக்குக் கட்டு மாத்தறப்ப..."

கதவு திறந்தது. நர்ஸ் கைநிறைய பாட்டில்களோடு வந்தாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக நிரப்பினாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் போனதும் ஆலோசகர் மெதுவாக அவனை விட்ட இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

"கட்டு மாத்தறப்ப நான்தான் கூட இருந்தேன். அப்ப..."

இந்தத் தடவை கணக்குப் பிரிவுக்காரர். சாப்பாட்டுப் பெட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, அது சூடாகிற வரைக்கும் அங்கேயே நின்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். அடுப்பு கீ கீ என்று கத்தியது. லிஃப்ட் மெக்கானிக் எழுந்துவிட்டான்.

"விடுங்க மேடம்," என்றாள் மனைவி. "எங்க ராசி அப்படி." குனிந்து பையை எடுத்தாள்.

ஆலோசகருக்கு அப்போதுதான் கோபம் தலைக்கேறியது. எத்தனை வருடப் படிப்பு, எத்தனை பயிற்சி! எப்படிக் கேட்கவேண்டும், எப்போது சும்மா இருக்கவேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். கதவைச் சாத்துவதற்கு மட்டும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கணக்குப் பிரிவுக்காரரைச் சூடான பெட்டியோடு வெளியே அனுப்பினாள். தன் நாற்காலியைத் தூக்கினாள்.

"ரெண்டு பேரும் உக்காருங்க. நான் வெளிய இருக்கேன். யாரும் வரமாட்டாங்க."

கதவைச் சாத்தி, அதை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இன்னொரு நர்ஸ் பாட்டிலோடு வந்தாள். ஆலோசகர் தலையை ஆட்டினாள். நர்ஸ் மூடிய கதவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கீழ்மாடிக்கு இறங்கிப் போனாள். இவ்வளவுதான் விஷயம். தண்ணீர் கீழேயும் கிடைக்கிறது.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு அவன் குரல் கேட்டது.

"நான் கை வெச்சதும் நீ மொகத்த சுளிச்சே. வலிச்சுதுன்னு நெனச்சேன். என் கை முரட்டுக் கை... மறுபடி தொட்டா தையல் எங்க பிரிஞ்சிடுமோன்னு..."

அழுகையில் மிச்சம் கேட்கவில்லை. அதற்கு மேல் கேட்க ஆலோசகரும் விரும்பவில்லை. நாற்காலியைக் கதவிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

நிர்வாக அதிகாரி விருந்தாளிகளோடு வந்து சேர்ந்தார். கூடவே புகைப்படக்காரர். அவளை வாசலில் பார்த்ததும் அதிகாரியின் முகம் கறுத்தது.

"உங்க ரூம் வாசல்ல உங்களுக்கு என்ன மேடம் வேலை? எழுந்திரிங்க, உள்ள காட்டணும்."

"உள்ள ரெண்டு பேர் பேசிட்டிருக்காங்க சார்."

"நீங்க இல்லாம அவங்க என்ன பேசறாங்க?"

"அத அவங்க மட்டும் கேட்டா போதும்."

அதிகாரி விருந்தாளிகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவள் காதருகே குனிந்தார். இரண்டே நிமிடம், ஒரே ஒரு படம், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும் என்றார். அவள் அசையவில்லை. மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

"எழுதுங்க. ரூம்ல ஆள் இருந்துச்சுன்னு எழுதுங்க."

அப்போது கதவு கொஞ்சம் திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். மூக்கும் கண்ணும் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால், லிஃப்ட் மெக்கானிக் அந்தத் துணிப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மேடம், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?"

இதுதான் சமயம் என்று அதிகாரி ஓரடி முன்னே வைத்தார். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள், அவர்கள் முகத்துக்கு நேராகவே கதவைப் பட்டென்று சாத்தினாள்.

ஆலோசகர் நாற்காலியை மறுபடி கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.