நூல்கண்டுகள் மிதந்த வீடு

தையற்காரிக்குப் பிறந்த பெண் குழந்தை வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே அறையிலிருந்த நூல்கண்டுகள் தரையை விட்டு எழும்பி முழங்கால் உயரத்தில் மிதக்கத் தொடங்கின. பிறகு வெட்டுத் துணிகள், அதன் பிறகு செருப்புகள். கண்ணுக்குத் தெரியாத குளத்தில் கிடப்பவைபோல எல்லாம் மெல்ல ஆடின. பேருந்து ஓட்டுநரான கணவன் காற்றில் துழாவிச் செருப்பைப் பிடித்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகப் பழகிவிட்டான். தைக்கத் துணி கொடுக்க வந்தவர்கள், துணி நனைந்துவிடாமலிருக்கச் சுவரில் ஈரம் கசிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

தையற்காரியின் கவலை வேறாக இருந்தது. போன வாரம் தைத்த குல்லாய் இந்த வாரம் குழந்தையின் தலைக்குள் நுழையவில்லை. உச்சிக்குழி புடைத்து நின்றது.

"எங்க வீட்ல எல்லாருக்கும் பெரிய மண்டைதான்" என்றான் கணவன்.

"உங்க மண்டை பெருசுதான், யாரு இல்லைன்னா? இவ குடிச்ச பாலெல்லாம் கக்குறா. கண்ணு கீழயே சொருகி நிக்குது, மேல வரவே மாட்டேங்குது."

மருத்துவமனையில் டாக்டரம்மா உச்சிக்குழியின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து, திரையில் கருப்பாய் விரிந்திருந்த இடத்தைக் காட்டினார். அவருடைய பேனா கோட்டுப் பையிலிருந்து எழும்பியது. அதை உள்ளே தள்ளிவிட்டுத் தொடர்ந்தார். "எல்லார் மூளையிலயும் தண்ணி ஊறும், வடியும். இவளுக்கு வடியற வழி அடைச்சிருக்கு. தேங்கி மூளையை அழுத்துது. தலையிலேர்ந்து தோலுக்கடியில மெல்லிசா ஒரு குழாய் வச்சு வயித்துக்குள்ள விட்டுடுவோம். அங்க உடம்பே உறிஞ்சிக்கும்."

"அப்புறம் சரியாயிடுமா?"

"அழுத்தம் குறையும். மத்தது வளர வளரத்தான் தெரியும். குழாய் எப்பவாவது அடைச்சுக்கலாம். வாந்தி, தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம்னு வந்தா உடனே தூக்கிட்டு வந்துடணும்."

வெளியே வந்ததும் கணவன் குழந்தையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். "இந்தப் பிஞ்சுத் தலையில கத்தியா? மிதக்கிறதுதான் பழகிப்போச்சே. இப்படியே இருக்கட்டுமே."

"நமக்குப் பழகிடுச்சு. அவளுக்கு வலிக்குதுங்க."

அறுவை அறை வாசலில் குழந்தையைச் செவிலியின் கையில் கணவனே கொடுத்தான். அன்று மதியம் வீட்டிலிருந்த எல்லாம் சத்தமில்லாமல் தரைக்கு இறங்கின.

குழந்தையின் கண்கள் மேலே வந்து அம்மாவைப் பார்த்தன. நடை தாமதமாக வந்தது, இடது காலை லேசாக இழுத்துத்தான். பேச்சு சீக்கிரமே வந்தது, பிறகு ஓயவே இல்லை. பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், ஒரு காலை வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தவள் எழுப்பியும் எழவில்லை. கணவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். "நூல்கண்டெல்லாம் அசையாமத்தானே கெடக்கு?"

"கண்டு கெடக்கட்டும். வண்டிய எடுங்க."

குழாய் அடைத்திருந்தது. டாக்டரம்மா வேறு குழாய் வைத்தார். தாமதிக்காமல் வந்தது நல்லதாயிற்று என்றார்.

வீடு திரும்பிய பிறகு ஒரு மதியத் தூக்கத்தில், சிறுமி மெத்தைக்கு ஒரு சாண் மேலே படுத்திருந்தாள். தாய் பதறி எழுப்பினாள். "தலை வலிக்குதா?"

"இல்லம்மா. பசிக்குது."

கண்ணைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது. சாப்பாடு போட்டுவிட்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, போர்வையின் நான்கு ஓரமும் தொங்கும்படி அகலத் துணி வைத்துத் தைத்தாள், அடியில் காற்றுப் புகுந்து பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று.