கடைமடைப் பாடம்

ஜெபராணி டீச்சர் கதை சொல்ல ஆரம்பித்தால் மூன்றாம் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. நரி குகைக்குள் நுழைந்தால் பிள்ளைகளும் தலையைக் குனிந்து கூடவே நுழைவார்கள். கால அட்டவணைப்படி காலையில் முதல் மணி தமிழ், இரண்டாம் மணி கணக்கு. ஆனால் நரியைப் பாதி வழியில் எப்படி விடுவது?

"கணக்கு எங்க ஓடிப் போகுது? சாப்பிட்டு வந்து போட்டுக்கலாம்" என்பார் டீச்சர். அதை மறுத்துப் பேச எந்தப் பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

பூமாரிக்கு மட்டும் அந்த மதியக் கணக்கு கிடைக்காது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் வீட்டுக்கு ஓடித் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அவள் அம்மா மாயக்காள் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போக முடியும்.

ஒருநாள் கதை நடுவில் இருக்கும்போது, இடுப்பில் சின்னவனோடு மாயக்காள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நாளையில இருந்து பூமாரிய அனுப்பல. எங்கூடத் தோட்டத்துக்கு வரட்டும்."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "என்ன மாயக்கா, நல்லா வாசிக்கிற பிள்ளைய..."

"வாசிச்சு என்ன செய்ய? முப்பதுல பதினெட்டு போனா எத்தனைன்னு கேட்டா முழிக்கிறா. கணக்கு அவ மண்டையில ஏறலன்னு நீங்கதான சொன்னீக. ஏறாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"

அப்படிச் சொன்னது டீச்சர்தான். பூமாரி தலையைக் குனிந்து பாவாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே கூச்சல். அது அறுபத்தெட்டாம் வருஷம். உத்தமபாளையம் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் ஒழுங்காக ஓடுகிற கடிகாரம் டீச்சர் கையில்தான் இருந்தது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், மேல்மடைக்காரர் எப்போது அடைக்க வேண்டும், கடைமடைக்காரர் எப்போது திறக்க வேண்டும் என்ற வழக்கெல்லாம் அந்தக் கடிகாரத்திடம்தான் வரும்.

"டீச்சரம்மா, ஒச்சாண்டி அண்ணன் முறை முடிஞ்சிருச்சான்னு பார்த்துச் சொல்லுங்க. மடைய அடைக்க மாட்டேங்கிறாக. கடைசியில கெடக்குற என் நாத்து கருகுது" என்றார் கடைமடை அய்யாத்துரை.

"இன்னும் ரெண்டு பாத்திதான் டீச்சர். அங்கன தண்ணி அழகாப் பாயுது, பாதியில எப்படி அடைக்க?" என்று குழைந்தார் மேல்மடை ஒச்சாண்டி.

டீச்சர் மணி பார்த்தார். முறை எப்போதோ முடிந்திருந்தது. சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"அண்ணே, உங்க பாத்தியில அழகாப் பாயுறது அவரோட நேரம். நீங்க வேணும்ங்கிற மட்டும் பாய்ச்சிட்டு, அவர் பயிர் வாடினா மண்ணு சரியில்லன்னு சொல்லுவீங்களா?"

ஒச்சாண்டி தலையைச் சொறிந்துகொண்டே மடையை அடைக்கப் போனார். அய்யாத்துரை கும்பிட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

கையை இறக்கப்போன டீச்சர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு மணி பாதிக்கு மேல் போயிருந்தது. கரும்பலகையில் அவர் வரைந்த நரிதான் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஒச்சாண்டியிடம் சொன்ன வார்த்தை திரும்பி வந்து அவரையே சுட்டது. பாவம், அந்தப் பிள்ளையைப் பார்த்து மண்ணு சரியில்லை என்று சொன்னது யார்?

அவர் நரியை அழித்தார். பூமாரியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, முப்பதில் பதினெட்டு போகும் அதே கணக்கை எழுதி, பக்கத்து வீட்டில் கடன் வாங்குவதுபோல் பத்துகளின் இடத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் தப்பாய்ப் போட்டாள். அழித்துவிட்டு மறுபடி போட்டாள். பன்னிரண்டு! மாயக்காள் இடுப்பிலிருந்த சின்னவனைக் கீழே இறக்கிவிட்டு வாயில் கை வைத்தாள்.

"பிள்ளைக்கு அறிவு குறைச்சல் இல்ல மாயக்கா. அவளுக்கு உண்டான நேரத்த நான்தான் கதைக்குப் பாய்ச்சிட்டேன். இனிமே கணக்கு மணியில கணக்குத்தான். அவள நிறுத்திராத" என்றார் டீச்சர்.

மாயக்காள் சின்னவனை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் இடத்தில் மணி அடித்தது. டீச்சர் சட்டென்று கதையை நிறுத்தினார்.

"டீச்சர், நரி!" என்று வகுப்பே அலறியது.

"நரி நாளைக்கு வரைக்கும் நிக்கும். பூமாரி மத்தியானம் வரைக்கும்தான் இருப்பா" என்று சொல்லி, டீச்சர் சாக்பீஸை எடுத்தார். "பள்ளிக்கூடத்து நேரமும் முறைத் தண்ணிதான் பிள்ளைகளா. கடைசிப் பிள்ளைக்கும் போய்ச் சேரணும்."