இன்ஜின் இல்லாமல்

அந்த ஏரிக்குப் போனது கோடையின் கடைசியிலா, முதல் மழைக்குப் பிறகா என்று வெல்டருக்கு இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மனைவியைக் கேட்டால் தரை காய்ந்து கிடந்தது என்பாள். மகளைக் கேட்டால் கூடாரத்தைச் சுற்றிச் சேறு என்பாள். அவர் மனதில் நிற்பது தண்ணீரின் நிறம் மட்டும். அதுகூட அன்று கண்டதா, பிறகு நினைத்து நினைத்துத் தானே ஏற்றிக்கொண்டதா தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் நடந்ததில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் மகள்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். ஏரிக்கரையில் ஒரு பூங்கா. கூடாரம் போட்டுத் தங்கலாம். சக்கர நாற்காலி போகிற மாதிரி கரையோரமாகவே பாதை போட்டிருக்கிறார்கள். பாதை முடிகிற இடத்தில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு மரமேடை. படத்தைப் பார்த்ததும் அம்மா கைப்பேசியைத் திருப்பித் தரவே இல்லை.

அவள் பஸ் கண்டக்டராக இருந்தவள். ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று சில்லறை கொடுப்பாள். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு கால்களில் நடக்கும் சக்தி திரும்பவில்லை. அன்றிலிருந்து நாற்காலியைத் தள்ளுவது வெல்டர்தான். வேறு யாரையும் தொடவிட மாட்டார். மகள் தள்ளினால்கூட, வளைவில் ஒடிக்கத் தெரியவில்லை என்று குறை சொல்வார். மனைவி அவருக்கு வைத்த பெயர் இன்ஜின். "இன்ஜின் சூடாயிடுச்சா? தண்ணி ஊத்தவா?" என்று பின்னால் திரும்பாமலே கேட்பாள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. என் பெண்டாட்டி ஒரு நாள்கூடத் தானாகச் சக்கரம் உருட்டியதில்லை என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

உருட்டவும் முடியாது. உட்கார்ந்திருப்பவர் பிடித்து உருட்டச் சக்கரத்தின் வெளிப்பக்கம் ஒரு வளையம் இருக்குமே, அதை அவர் அறுத்து எடுத்துவிட்டிருந்தார். குளியலறைக் கதவு குறுகல். நாற்காலி இரண்டு விரல் அளவுக்கு இடித்தது. வேறொருவர் என்றால் சுவரை இடித்துக் கதவை அகலமாக்கியிருப்பார். வெல்டர் கையில் இருந்தது அறுக்கும் கருவி. அறுத்த தடம் தெரியாமல் தேய்த்துச் சாயமும் பூசினார். "நான்தான் இருக்கேனே, இது எதுக்கு?" என்றார்.

பூங்காவில் எல்லாமே அளந்து செய்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் பெஞ்சு இல்லாமல் விட்டிருந்தது. அவள் நாற்காலி நேராக உள்ளே போனது. யாரும் எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் பக்கத்துக் கூடாரத்து ஆள் ஒருவர், அவரும் நாற்காலிக்காரர், தனியாகப் பாதையில் இறங்கிப் போனார். அவர் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் அந்த முதுகையே, அது மரங்களுக்குள் மறைகிறவரை பார்த்தாள்.

"நாளைக்கு அந்த மேடை வரைக்கும் நானே போகணும்."

வெல்டர் சிரித்தார். "எதைப் பிடிச்சு உருட்டுவ? அதைத்தான் அறுத்தாச்சே."

அவள் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துப் படுக்கும்வரை சொல்லவில்லை. அவளுடைய மௌனங்கள் அவருக்குப் பழக்கம்தான். பின்னால் நின்றே பேசிப் பழகியதால் அவற்றை அவர் அவள் முதுகில்தான் படித்திருக்கிறார். அன்று முகத்தைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று பிடிபடவில்லை.

காலையில் கண் விழித்தபோது கூடாரத்தில் அவள் இல்லை. நாற்காலியும் இல்லை. வெளியே மகள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி அம்மா?"

"போயிருக்காங்க."

"போயிருக்காங்கன்னா? யாரு தள்ளிட்டுப் போனா?"

"யாரும் இல்லப்பா. நான் நாற்காலியில உக்கார வச்சேன், அவ்வளவுதான்."

"உனக்கு அறிவிருக்கா? பக்கத்துலயே தண்ணி!"

"ஓரம் பூரா கட்டை வச்சிருக்கான். டீயக் குடிச்சிட்டுப் போங்க."

அவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வளைவு தாண்டியதும் தெரிந்தாள். அவர்கள் வந்த வண்டியில் கிடந்த அவருடைய பட்டறைத் தோல் கையுறைகளைக் கைகளில் மாட்டியிருந்தாள். டயரையே பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு தள்ளு, கொஞ்சம் மூச்சு, மறுபடி ஒரு தள்ளு. நாற்காலி குடித்தவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. முன்னால் மேடைக்கு ஏறும் சரிவு.

அவர் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது.

"கை வைக்காதீங்க." அவள் திரும்பவில்லை. காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள்.

"ஏத்தம்மா இது. பின்னால உருண்டுடும்."

"உருளட்டும். படியில நிக்காதீங்க, தள்ளி வாங்க." கண்டக்டர் குரல். எத்தனையோ நாள் கழித்து அவர் கேட்கும் குரல்.

சரிவின் பாதியில் கை வழுக்கியது. நாற்காலி பின்னோக்கி நகர்ந்தது. வெல்டரின் உடம்பு முழுவதும் முன்னால் பாய்ந்தது. கால்கள் மட்டும் எப்படியோ நின்றுவிட்டன. அவள் ஒரு சக்கரத்தை இறுக்கிப் பிடித்தாள். நாற்காலி குறுக்கே திரும்பி அசையாமல் நின்றது.

"யார் சொல்லிக் குடுத்தா இத?"

"வண்டி எல்லாம் ஒண்ணுதான். எத்தனை டிரைவர் பக்கத்துல நின்னிருக்கேன்." மூச்சு வாங்கியது. "பேச்சுக் குடுக்காதீங்க."

அவருக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், கடைசியில் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். எதிரே வந்த பூங்காக் காவலர் நாற்காலியைப் பார்த்து, அவரையும் பார்த்து, "ஏங்க, கொஞ்சம் பிடிக்கக் கூடாதா?" என்றார்.

"அவங்களே போவாங்க," என்றார் வெல்டர். சொன்ன பிறகுதான், எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்தது.

சக்கரம் மரப்பலகையில் ஏறியபோது சத்தம் மாறியது. அவள் மேடையின் விளிம்புவரை போய் நின்றாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவர் நான்கைந்து அடி பின்னாலேயே நின்றார். கிட்டே போவதற்கு அவள் கூப்பிட வேண்டும் போலிருந்தது. அவள் அவசரப்படவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்து அவர் குளியலறைக் கதவை அகலமாக்கினார், வளையங்களையும் பொருத்தினார். மகள் இப்போது வேறு ஊரில், வேறு ஓட்டலில் மேலாளர். வெல்டருக்குக் கண் மங்கிவிட்டது. காலையில் மட்டும் பட்டறையைத் திறக்கிறார். கண்டக்டர் பகலில் வீட்டில் இருப்பது அபூர்வம். யாராவது பட்டறை வாசலில் வந்து, "அக்கா எங்கண்ணே?" என்று கேட்டால், அவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் சாவகாசமாகப் பார்ப்பார்.

"யாருக்குத் தெரியும்?" என்பார்.