தாய்மாமன் கடைசி சீட்டில் வந்தார்

எழுமலைக்குப் போன வேன் ஒரு காலை நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே வேனின் கடைசி சீட் போய்ச் சேர பதினான்கு வருஷம் ஆனது. மதுரை சிம்மக்கல் மார்க்கெட்டில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அங்கே தக்காளி காலையில் ஒரு விலைக்கும் மத்தியானம் ஒரு விலைக்கும் போகும். ஒரே வண்டிக்குள் இரண்டு காலம் ஓடியது என்று சொன்னால், இருக்கும், லோடு அப்படி என்பார்கள்.

கடைசி சீட்டில் இருந்தவர் வெள்ளைத்துரை. வாழைக்காய் மண்டியில் ஏலம் கூவுகிறவர். அவர் குரல் வைகையைத் தாண்டி கோரிப்பாளையத்தில் கேட்கும்; தனக்கென்று ஒரு டீ கேட்டால் மட்டும் எதிரே நிற்கும் மாஸ்டருக்குக் கேட்காது. கல்யாணம் ஆகவில்லை. மண்டிக்கு மேலே ஒற்றை அறை. உடன்பிறந்தவள் நாகஜோதி ஒருத்திதான். அவளுடைய மகள் பவதாரிணிக்கு ஒரு வயது முடிந்ததும், எழுமலைக்கு அப்பால் ஓடைக்கரையில் இருக்கும் கருப்பசாமி கோவிலில் காதுகுத்து என்று முடிவானது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். எல்லார் வீட்டு விசேஷத்திலும் பந்தலுக்கு வெளியே நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்கு, நடுவில் உட்காரும் உரிமை உள்ள இடம் உலகத்தில் அது ஒன்றுதான். புது வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தார்.

வேன் நாகஜோதியின் புருஷன் அழகுபாண்டியுடையது; அவனைவிட வயதில் மூத்தது. அழகுபாண்டி சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். சொந்தக் காரியம் என்றதும் கடையையே ஏற்றினான். முதல் அண்டா ஏறியபோது, "மச்சான், கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்றான். வெள்ளைத்துரை ஒரு சீட் பின்னால் போனார். காளவாசலில் வாழை இலைக்கட்டு ஏறியது, தள்ளி உட்கார்ந்தார். நாகமலைப் புதுக்கோட்டையில் மைக்செட்டும் ஜமுக்காளமும், செக்கானூரணியில் நேர்ந்துவிட்ட கிடாய், அதோடு அழைக்காமலே வந்த பங்காளிகள். ஒவ்வொன்றுக்கும் தள்ளி உட்கார்ந்தார். முடியாது என்ற சொல்லை அவர் ஏலத்தில் மட்டுமே பயன்படுத்துவார். கருமாத்தூரில் விறகு ஏறியபோது வேனில் பின்னால் இடமே இல்லை. ஆனாலும் தள்ளச் சொன்னார்கள், அவரும் தள்ளினார். இல்லாத இடத்துக்கு ஒரு மனுஷன் தள்ளி உட்கார்ந்தால் இடம் உண்டாகித்தானே ஆகவேண்டும். வேன் வெளியே நீளவில்லை, உள்ளே நீண்டது. உசிலம்பட்டியில் வாங்கிய டீ கைமாறிக் கைமாறி அவரிடம் போய்ச் சேர்ந்தபோது, அந்த டீக்கடை செல்போன் கடையாகியிருந்தது.

நாகஜோதி போன் போட்டாள்.

"அண்ணே, எங்க இருக்கே? கோயில் வந்துருச்சு, எறங்கு."

"பெரிய அண்டாவுக்குப் பின்னாடி இருக்கேன் தாயி. முன்னாடி யாரும் தெரியல. இங்க மழை பெய்யுது."

"இங்க வெயில் மண்டையப் பொளக்குதே."

"அப்ப நீங்க ரொம்பத் தூரம் போயிட்டீங்க."

பின்கதவைத் திறந்து பார்த்தார்கள். விறகு இருந்தது. விறகை இறக்கினார்கள், அதற்குப் பின்னாலும் விறகு இருந்தது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூசாரி சொல்லவும், மாமன் முறைதானே என்று நாகஜோதியின் சித்தப்பா மகன் தமிழ்மாறன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். ஆசாரி குத்தினார். ஊசியை எடுத்ததும் துளை மூடிக்கொண்டது. மறுபடி குத்தினார், மறுபடி மூடியது, ஒரு பொட்டு ரத்தம் இல்லை. "காது ஆளைப் பாக்குதுங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று அவர் பெட்டியைக் கட்டினார். வேனை அங்கேயே விட்டுவிட்டு எல்லாரும் பஸ் ஏறினார்கள். அழகுபாண்டி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். "இடமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல இந்த மச்சான்" என்று வாரத்துக்கு ஒருமுறை சொல்ல ஆரம்பித்தவன், பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டான்.

வேனின் நிழலில் ஆடுகள் படுத்தன. மூன்றாம் வருஷம் கடலை பறிக்க வந்த ஒரு பெண், உள்ளே இருந்து "மாப்ள, வண்டிய நிறுத்துங்க" என்று ஒரு குரல் வந்து சேர்ந்ததைக் கேட்டாள். "நின்னுதாண்ணே இருக்கு" என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

உள்ளே வெள்ளைத்துரை விருந்துக்கு ஏற்றிய அரிசியைப் பொங்கித் தின்றார், மைக்செட் பேட்டரியில் போனுக்குச் சார்ஜ் ஏற்றினார், கிடாயோடு பேசினார். கிடாயும் முதலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஒரு நாள், ஊசி பட்ட அன்று பிள்ளை அழுத அழுகை சீட்களைக் கடந்து அவரிடம் வந்து சேர்ந்தது. அதைக் கேட்டபின் அவர் எழுந்தார். அண்டாவைப் பார்த்து, "தள்ளு" என்றார். அண்டா தள்ளியது. அன்றிலிருந்து முன்னால் நடந்தார்.

அவர் நடந்துகொண்டிருந்தபோது சட்டைப்பையில் மொய்க்கு வைத்திருந்த ஐநூறு ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போயின. கொரோனா வந்தது, ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அவர் ஒருவர்தான் பயணத்தில் இருந்தார். கிடாய், சாமிக்கு நேர்ந்ததையும் மறந்து, வயதாகி இலைக்கட்டின் மேல் செத்தது. பவதாரிணி காந்தக் கம்மல் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். தமிழ்மாறன் மடி காலியாகத்தான் இருக்கிறது, இன்னொரு தடவை பார்க்கலாமே என்று சொந்தத்தில் கேட்டபோதெல்லாம், "எங்க மாமா வந்துக்கிட்டு இருக்காரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போடுவாள்.

"மாமா, எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"ஜமுக்காளத்தைத் தாண்டிட்டேன் ஆத்தா. வாரேன்."

"நான் இப்ப அம்மாவை விட ஒசரம். உங்க முட்டி தாங்குமா?"

"உன் எடை எம்புட்டு?"

"அதெல்லாம் சொல்ல முடியாது."

"வாழைத்தார் எடை பாத்த கண்ணு இது. நீ வா, நான் பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அவர் மறுபடி முன்னால் நடந்தார். வாரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

போன மாசியில் வேனின் முன்கதவு திறந்தது. தலை முழுக்க நரைத்து, அதே வேட்டியில், வெள்ளைத்துரை இறங்கினார். கோவிலில் வேறு வீட்டுக்காரர்களின் காதுகுத்து நடந்துகொண்டிருந்தது. எழுமலையிலிருந்து சேதி போய், இவர்கள் குடும்பமும் மதியத்துக்குள் வந்துவிட்டது. நாகஜோதி அண்ணனை ஏற இறங்கப் பார்த்து, "மெலிஞ்சுட்டியே அண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவர் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுடிதார் போட்ட நெடிய பெண் ஒருத்தி கூச்சத்தோடு வந்து மடியில் உட்கார்ந்ததைப் பார்த்து, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் உயரத்துக்கு அவர் முகம் பின்னால் மறைந்துபோனது. ஆசாரி குத்தினார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு ரத்தம் வந்தது, துளை நின்றது.

பவதாரிணி எழுந்திருக்கவில்லை. வெள்ளைத்துரையும் எழுந்திரு என்று சொல்லவில்லை. வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஆசாரி பக்கத்தில் இன்னொரு மணை போட்டுக் காது குத்தினார்.

"மச்சான், கால் மரத்துப் போகலையா?" என்று அழகுபாண்டி குனிந்து கேட்டான்.

"மரத்துருச்சு மாப்ள" என்றார் அவர். அசையவில்லை.

பந்தியில் அவர்களுக்கு யாரும் இடம் பிடிக்கவில்லை. இரண்டு இலையை நடுவில் இருந்த அந்த மணைக்கே கொண்டுவந்து போட்டு, சோற்றை வைத்து, குழம்பு ஊற்றினார்கள்.