கமா சிஸ்டர் வைத்த முற்றுப்புள்ளி

ஆண்கள் வார்டு நர்ஸுக்குக் 'கமா சிஸ்டர்' என்று பெயர் வைத்தவர் எலும்பு டாக்டர். அவள் எழுதும் ஆங்கில அறிக்கை கைக்கு வந்தாலே, "மூச்சு வாங்குது சிஸ்டர், எங்கயாவது ஒரு ஃபுல் ஸ்டாப் வச்சு மனுஷனை உட்கார விடுங்க" என்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். ஊசி குத்தியதே தெரியாமல் போடும் கை அவளுக்கு. கமாவா வந்து காய்ச்சலை இறக்கப் போகிறது என்பது அவள் கட்சி.

ஒரு நாள் மதியம், ஆபரேஷன் முடிந்து மயக்கம் சரியாகத் தெளியாத நோயாளி ஒருவர் தானாகக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்துக் கீழே விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவருடைய குடும்பம் கொதித்துப் போய் நிர்வாகத்திடம் நின்றது. நர்ஸ் நின்ற வாக்கிலேயே ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது வார்டு உதவியாளர் சீருடையில்லாமல் வாசலில் நின்றிருந்தார். வார்டில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க சிஸ்டர். கட்டில் மணி அடிச்சதும் நான் கண்டுக்காம பக்கத்து ரூமுக்குப் போயிட்டேனாம். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களாம்."

"நானா? நான்தானே உங்களைப் பெட்ஷீட் மாத்த அங்க அனுப்புனேன்!"

"அதைத்தான் நானும் சொன்னேன். யாரு காதுல விழுது?"

நர்ஸ் நேரே அலுவலகத்துக்குப் போனாள். அறிக்கையின் நகலை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தாள். நடந்தது நடந்தபடியே எழுதியிருப்பதாகத்தான் அவள் கண்ணுக்குப் பட்டது.

சாயங்காலம் வீட்டில் கணவன் தன் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவன் பஸ் ஓட்டுகிறவன். ஆங்கிலம் எழுத வராது, கேட்டால் புரியும். யார் எதைச் சொன்னாலும் 'ம்' கொட்டிக் கேட்பது அவன் வழக்கம்.

"இதைக் கேளுங்க. இதுல நான் என்ன தப்பா எழுதியிருக்கேன்னு சொல்லுங்க" என்று வாசிக்க ஆரம்பித்தாள். "The assistant went to the next room..."

"ம்."

"...when the bell rang, the patient was on the floor."

"ம். சரியாத்தானே இருக்கு? அந்தம்மா அந்தப் பக்கம் போனாங்க. மணி அடிச்சப்போ ஆளு ஏற்கெனவே கீழ கிடந்தாரு."

அவள் காகிதத்தையே பார்த்தாள். அவன் முதல் 'ம்' கொட்டிய இடத்தில் அவள் குரல் இறங்கி நின்றிருந்தது. காகிதத்தில் அங்கே முற்றுப்புள்ளி இல்லை. ஒரு கமா இருந்தது: "went to the next room, when the bell rang, the patient was on the floor."

"அடக் கடவுளே!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மணி அடிச்சப்போ" என்ற துண்டு நடுவில் அநாதையாக நின்றது. முன்னால் இருப்பதோடு சேர்த்தால், மணி அடித்தபோது உதவியாளர் பக்கத்து அறைக்குப் போனார். பின்னால் இருப்பதோடு சேர்த்தால், மணி அடித்தபோது நோயாளி தரையில் கிடந்தார். நிர்வாகம் முன்னால் சேர்த்துப் படித்திருக்கிறது.

இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவனும் வந்து உட்கார்ந்தான். அறிக்கை முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். தமிழில் 'வந்தேன், பார்த்தேன், கூப்பிட்டேன்' என்று கமாவிலேயே ஓட்டிவிடலாம். அதே பழக்கத்தில் அவள் ஆங்கிலத்திலும் ஓட்டியிருந்தாள். கமாவின் இரண்டு பக்கமும் சொந்தக் காலில் நிற்கும் வாக்கியம் இருந்தால் அங்கே வெறும் கமா தாங்காது; முற்றுப்புள்ளி வேண்டும், இல்லையென்றால் அரைப்புள்ளியோ 'and', 'but' போல ஓர் இணைப்புச் சொல்லோ வேண்டும். பள்ளிக்கூடத்தில் தூங்கித் தொலைத்த பாடம் இப்போது பளிச்சென்று மண்டையில் ஏறியது.

மறுநாள் மேட்ரன் அறையில் நின்று, அந்தக் கமா இருந்த இடத்தில் முற்றுப்புள்ளி வந்திருக்க வேண்டும் என்றாள். பக்கத்தில் நிர்வாக அதிகாரி, கழுத்தை இறுக்கும் டையோடு.

"ஆளை அனுப்புனதும் அறிக்கை மாறுதோ?" என்றார் அவர். "ஒரு கமாவை எடுத்துட்டுப் புள்ளி வச்சா கதையே மாறிடுமா?"

"மாறிடுச்சே சார். கமா வச்சதாலதான் ஒருத்தங்க வேலையே போச்சு." அறிக்கையின் நகலை மேசைமேல் விரித்து வைத்தாள். "தப்பு என்னோடது. ஆனா இன்னைக்குப் புதுசா மாத்திச் சொல்லல. மேல படிங்க. 'I checked his pulse, it was normal, I called the doctor.' இங்கயும் வாக்கியம் முடியிற இடத்துலெல்லாம் கமாதான் வச்சிருக்கேன். என் பேரே கமா சிஸ்டர், எலும்பு டாக்டரைக் கேளுங்க."

மேட்ரனுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, மணி அடித்த வரியை உதடசைத்து இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ரெண்டு மாதிரியும் படிக்கலாம்தான். எது நடந்துச்சுன்னு தெரிஞ்சாகணும். அந்த மணியை அமுக்குனது யாரு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவே இல்லை. மூன்று பேரும் வார்டுக்கு நடந்தார்கள். விழுந்தவருக்கு அடுத்த கட்டிலில், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார் பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர்.

"நான்தான் அமுக்குனேன்" என்றார். "ஆளு பொத்துனு விழுந்த சத்தம் கேட்டுத்தானே கண்ணு முழிச்சேன்! அதுக்கப்புறம்தான் மணி. அந்தம்மா அதுக்கு முன்னாடியே பெட்ஷீட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. என்கிட்ட யாராவது வந்து கேட்டாத்தானே சொல்லுவேன்?"

அதிகாரி டையைத் தளர்த்திக்கொண்டார். வார்டு போனிலிருந்து அவரே உதவியாளரைக் கூப்பிட்டார். "நாங்க தப்பாப் படிச்சுட்டோம்மா, மன்னிச்சுக்குங்க. நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்று அவர் சொன்னது கடைசிக் கட்டில்வரை கேட்டது. நர்ஸுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. மருந்துத் தள்ளுவண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை அக்கா மடிப்புக் கலையாத சீருடையில் உள்ளே வந்தார். பூட்டுக்காரர் முதலில் கைதட்டினார். பிறகு கை தூக்க முடிந்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள். முடியாதவர் ஒருவர் கட்டில் கம்பியில் கரண்டியால் அடித்தார். நெற்றியில் கட்டோடு இருந்த நோயாளி, "என்னால உங்களுக்கு வந்த வினை, மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

"நீங்க முதல்ல கட்டிலை விட்டு இறங்காம இருங்க" என்று அக்கா அதட்ட, வார்டே சிரித்தது.

நர்ஸ் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். "ஊருப்பட்ட வேலை கிடக்கு சிஸ்டர், விடுங்க" என்றார் அக்கா. சொன்னாரே தவிர, அவரும் விடவில்லை.