மிளகாய்த் தட்டில் ஒரு குரல்

"என்ர மோர்மிளகாயை ஆர் வெளியில எடுத்து வைச்சது?" என்று கேட்டபடி சமையலறைக்குள் போனேன். மிளகாய் உலர்த்தும் என் மின்பெட்டிக்குள் என் கணவர் பார்த்தீபன் ஒரு ஒலிநாடாச் சுருளை வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் குடியிருக்கும் இந்தக் குளிர் ஊர் பிளாட் புஷ்ஷின் வெயிலை நம்பி மோர்மிளகாய் போட முடியாது என்றுதான் அந்தப் பெட்டியையே வாங்கினேன். கம்ப்யூட்டர்காரனைக் கட்டினால் வீட்டில் எந்தச் சாமானும் அதன் வேலையை மட்டும் செய்துகொண்டு சும்மா இருக்காது.

ஆனால் அந்தச் சுருளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அதில் இருப்பது அவருடைய அம்மாவின் குரல். இவருக்கு ஒரு வயது நிரம்புமுன்பே அவர் காலமாகிவிட்டார். அந்தக் குரலை நினைவறிந்து இவர் கேட்டதேயில்லை. டொரொண்டோவில் இருக்கும் அவருடைய மாமா, வீடு மாறும்போது சுருளைக் கண்டெடுத்து அனுப்பியிருந்தார். கிளென்ஃபீல்டில் ஒருவரிடம் இரவல் வாங்கிய பழைய ரெக்கோர்டரில் போட்டபோது நாடா கீச்சிட்டு ஒட்டிக்கொண்டது. பழுப்புத் தூள் உதிர்ந்தது. பழைய நாடாவின் பசை ஈரத்தைக் குடித்து இளகிவிடுமாம். இளஞ்சூட்டில் உலர்த்தினால் கொஞ்ச நாளைக்குப் பாடுமாம். சூடு கூடினால் எல்லாம் போச்சு.

"தட்டைக் கழுவினீங்களோ?"

அவர் முகம் வெளிறிவிட்டது. "இல்லையப்பா... மறந்துபோனன்."

பகல் முழுக்க வீடு மோரும் மிளகாயுமாக மணத்தது. அவர் பெட்டியை விட்டு அசையவில்லை. நான் வைத்த தேத்தண்ணி ஆடை படர்ந்து கிடந்தது. பின்னேரம் சுருளை ஆறவிட்டு ரெக்கோர்டரில் மாட்டினார். மகள் பிரணவி பதிவு செய்யப் போனை நீட்டினாள்.

"டாட், இட் ஸ்மெல்ஸ் லைக் லஞ்ச்."

முதலில் இரைச்சல். பிறகு, என்னைவிட இளைய ஒரு பெண்குரல்.

"பதியுதோ? ஐயோ, என்னத்தைக் கதைக்கிறது?"

ஒரு சிரிப்பு. நாடா என்பது வெறும் இரும்புத் துருவும் பிளாஸ்டிக்கும்தானே! நாற்பது வருடத்துக்கு மேல் அதில் ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு, என் மிளகாய்த் தட்டிலிருந்து எழும்பி வருகிறது.

நாடாவில் ஒரு குழந்தை வீரிட்டது.

"பொறுங்கோ, தம்பி எழும்பிட்டான்."

தம்பி என்றது, கைக்குழந்தையாயிருந்த இவரைத்தான். காலடிகள் விலகிப் போயின. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. தாலாட்டா வெறும் பேச்சா என்று பிரிக்க முடியாத முணுமுணுப்பு மட்டும், எங்கோ உள்ளறையில். பார்த்தீபன் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். குழந்தையின் அழுகை மெல்ல மெல்ல அடங்கியது. வெறும் இரைச்சலோடு சுருள் சுற்றிக்கொண்டேயிருந்தது. நிறுத்த ஒருவரும் எழும்பவில்லை.