மங்குக் கம்பி போட்ட கார்

இது நடந்தது ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாம் வருஷமா, மூன்றாம் வருஷமா என்பதில் எனக்கு உறுதியில்லை. காரின் நிறம் பச்சை என்று நினைவு. நீலம் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் மலாயாவில் மந்தினிலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல், உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், அந்தக் கார் பிரேக் பிடித்தபோதெல்லாம் மூன்றாம் நம்பர் காட்டில் ஒரு பால்மரம் சிவப்பாக எரிந்தது. அதில் சந்தேகமில்லை. அந்த வருஷம் மரவள்ளியும் நன்றாக விளைந்தது.

கார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையினுடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரையை மடக்கி வைக்கலாம், மூக்கு மட்டும் ஆள் நீளத்துக்கு இருக்கும். ஜப்பான்காரனுக்குப் பயந்து துரை சிங்கப்பூருக்கு ஓடிய அன்றைக்கு மழை. மழை பெய்தால் கிளம்பாத கார் அது. லாரியில் ஏறிப் போய்விட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் கொட்டகையில் கிடந்த காரில் கோழிகள் முட்டையிட்டன. பிறகு மொரிகாவா என்ற அதிகாரி தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்தார். குட்டையான மனிதர். துரை விட்டுப்போன நாற்காலி, கட்டில், குதிரைச் சேணம் எதிலும் அவருக்குக் கால் எட்டவில்லை. இந்தக் காரில் எட்டியது. கோழிகளை அவரே இறக்கிவிட்டு, இதை ஓட்டிக் காட்டுங்கள் என்றார்.

ரப்பர் ஸ்டோரில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த நல்லசாமியைக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். அவன் அதற்கு முன் கார் எதையும் தொட்டதில்லை. அதிகம் பேசாதவன், கேட்ட கேள்விக்குப் பதில் வரும்போது கேட்டவர் பாதி தூரம் போயிருப்பார். அவன் மனைவி ராக்கம்மாவின் தம்பி ஆறுமுகத்தைச் சித்திரை மாதத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு சேதியும் இல்லை. அடுத்த லாரிக்கான பட்டியலில் பத்துப் பேர் இருந்தார்கள், மூன்றாவதாக நல்லசாமி. கார் சரியானால் அந்தப் பேரை மட்டும் அடித்துவிடலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைக் குடித்துவிட்டு எஞ்சின் ஐந்தே நாளில் இருமிக்கொண்டு ஓடியது. ஆனால் விளக்கும் ஹாரனும் உயிர் பெறவில்லை. தோட்டத்துப் பட்டியலெல்லாம் எழுதும் கிராணி திருநாவுக்கரசு கொட்டகைக்கு வந்தார்.

"எஞ்சின் மட்டும் ஓடினா பத்தாதாம் நல்லசாமி. ஐயாவுக்கு ஹாரன் அடிக்கணுமாம்."

"அடிச்சா யாரு ஒதுங்கப் போறா கிராணியாரே? ரோட்டுல ஒரு மாடுகூட இல்லியே."

"மாட்டுக் கவலை ஒனக்கு எதுக்குலா? லிஸ்ட்டுல மூணாவது பேரு யாருதுன்னு நெனச்சிக்க."

நல்லசாமி பாட்டரி தீர்ந்துபோன டார்ச்சு விளக்கிலிருந்து பல்பைக் கழற்றி, அதில் இரண்டு வயர் கட்டினான். ஒரு முனையைக் காரின் உடம்பில் மாட்டிவிட்டு, மறுமுனையால் பியூஸ் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். உள்ளே நாலு பியூஸ்: ஒன்று முன்விளக்குக்கு, ஒன்று பிரேக் விளக்குக்கு, ஒன்று ஹாரனுக்கு, ஒன்று திரும்பும்போது பக்கவாட்டில் நீளும் கைகாட்டிக்கு. பியூஸின் இந்தப் பக்கம் தொட்டால் பல்பு எரிந்தது, அந்தப் பக்கம் தொட்டால் எரியவில்லை. நாலும் செத்திருந்தன என்பது அப்படித் தெரிந்தது. பிடிப்புகளில் பச்சைப் பாசியாகக் களிம்பு ஏறியிருந்தது. புளி கிடைக்காத காலம் என்பதால் ராக்கம்மா பிலிம்பிங் காயை நசுக்கி, சாம்பல் தொட்டுத் தேய்த்தாள்.

"குத்துவெளக்குக்குக்கூட நான் இப்பிடித் தேச்சதில்ல. இனிமே எரியலன்னா அது ஒங்க குத்தம்," என்றாள்.

மாற்றுப் பியூஸ் எங்கும் இல்லை. செரம்பான் தெமியாங்கில் உதிரிபாகக் கடைக்காரர் காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் பார்த்தான்; கண் சிமிட்டுவதற்குள் புகைந்து போனது. வயரை எங்கோ எலி கடித்திருந்தது, எங்கோ அது காரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று நாள் தேடியும் அந்த இடம் அகப்படவில்லை. கடைசியில் அவன் தோட்டத்து ஆட்கள் எதற்கும் செய்வதைச் செய்தான். வாளிக் காது அறுந்தாலும், சைக்கிள் பெடல் கழன்றாலும், மூக்குக் கண்ணாடி உடைந்தாலும் அங்கே மருந்து ஒன்றுதான்: மரத்தைச் சுற்றிக் கட்டி, பால் வடிந்து விழும் மங்கு என்ற கிண்ணத்தைத் தாங்கிப் பிடிக்கிற மங்குக் கம்பி. மூன்றாம் நம்பரில் பால் வெட்டு நிறுத்தியிருந்த நாலு மரங்களிலிருந்து நாலு துண்டு எடுத்துவந்து பெட்டியில் முறுக்கினான். கார் தெரிந்த எவனும் இதைச் செய்யமாட்டான். பியூஸ் என்பது தான் அறுந்து மற்றதைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. மங்குக் கம்பி அறுந்து பழக்கமில்லாதது. போக இடமில்லாத கோளாறு வண்டியையே எரித்துவிட்டிருக்க வேண்டும்.

வண்டி எரியவில்லை. பின்விளக்கைப் பார்க்க ஆளில்லாததால், மூன்றாம் நம்பர் ஓரத்தில் மரங்களில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருந்த ராக்கம்மாவிடம் கத்திக் கேட்டான்.

"செவப்பா எரியுதா?"

"எரியுது."

"நல்லா எரியுதா?"

"கார்ல சுமாராத்தான் எரியுது. மரத்துல நல்லா எரியுது."

முப்பது வருஷம் மரத்தைக் கட்டிக்கொண்டிருந்த கம்பி அல்லவா, கோளாறையும் அங்கேயே கொண்டுபோய் விட்டிருந்தது. முன்விளக்கைப் போட்டால் ஒரு மரம் அடியிலிருந்து நுனிவரை மஞ்சளாக ஒளிர்ந்தது. ஹாரனை அமுக்கினால் இன்னொரு மரத்தைச் சுற்றியிருந்த மங்குகள் கலகலவென்று ஆடின. காரின் இடது கைகாட்டி நீண்டால் நாலாவது மரம் தன் இடது கிளையைத் தூக்கிற்று. நல்லசாமி எல்லாவற்றையும் இரண்டு முறை சோதித்துவிட்டு, கார் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினான். கிராணி அவன் பேரை அடித்தார். மிச்சம் ஒன்பது பேர்.

அதன் பிறகு மொரிகாவா செரம்பானில் இருந்தாலும் தம்பினில் இருந்தாலும் தோட்டத்துக்குத் தெரியாமல் ஹாரன் அடிக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் இல்லாத நாட்கள்; அவர் மாலையில் விளக்கைப் போட்டு ஊர்சுற்றினால் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் மஞ்சள் மரத்தடியில் கிழங்கு உரித்தார்கள், பேன் பார்த்தார்கள். அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்ட நாட்களில் குறைப்பட்டுக்கொண்டார்கள். மந்தின் பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஆகவே மரம் இடது கிளையைத் தூக்கினால், கார் வந்து சேரக் கால்மணி நேரம் இருந்தது. சயாம் லாரி எப்போதும் காருக்குப் பின்னால்தான் வரும். ஆனி மாதத்தில் அது வந்தபோது பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கிழவர்களும் கோழிகளும் நின்றார்கள். கிராணி ஒன்பது பேரையும் உரக்கக் கூப்பிட்டார். ஒன்பது பேரும் சதுப்பில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, தங்கள் பேர் சரியாக உச்சரிக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆடியில் அதிகாரிக்கு சிங்கப்பூரிலிருந்து நாலு கண்ணாடிப் பியூஸ்கள் வந்தன. பெட்டிக்குள் துருப்பிடித்த கம்பியைப் பார்த்து அவருக்கு வெட்கமாக இருந்ததாம். தன் கண் முன்னால் புதியதை மாட்ட வேண்டும் என்றார். கம்பியை எடுத்துவிட்டால் மரங்கள் அவிந்துபோகும், அடுத்த லாரி ஒன்பது பேரோடு போகும். கம்பியை வைத்துக்கொண்டு பிடிபட்டால் அந்த லாரியில் நல்லசாமி முதல் ஆள். மறுநாள் மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு கொட்டகைக்குப் போன ராக்கம்மா, அவன் மங்குக் கம்பிகளைப் பெட்டியின் பின்புறம் மாற்றி முறுக்குவதைப் பார்த்தாள்.

"தம்பி போன அன்னிக்கு இது இருந்திருந்தா," என்று ஆரம்பித்து, முடிக்காமல், வெளிச்சம் மறைக்காதபடி நகர்ந்து நின்றாள்.

சாயங்காலம் அதிகாரி பானட்டைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நல்லசாமி நாலு கண்ணாடியையும் முன்புறம் வரிசையாக மாட்டினான். பளபளவென்று இருந்தது. பின்புறம் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. மின்சாரமும் பழகின வழியிலேயே போனது. கண்ணாடிகள் நோகாமல் சும்மா இருந்தன. அதிகாரி உட்கார்ந்து ஹாரனை அழுத்தினார். மூன்றாம் நம்பரில் மங்குகள் கலகலத்தன. அவர் தலையைத் திருப்பினார். என்ன சத்தம் என்று கிராணியைக் கேட்டார். ஓர் இலை அசையவில்லை. கிராணி திருநாவுக்கரசு நல்லசாமியைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், தன் கைப்பட எழுதிய பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"காத்துங்க ஐயா," என்றார். "இந்தப் பக்கம் இப்பிடித்தான் அடிக்கும்."

அதற்குப் பிறகு மூன்று லாரிகள் வந்தன, மூன்றும் காலியாகத் திரும்பின. ஜப்பான்காரன் சரணடைந்ததும் மொரிகாவா காரைக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தி, துடைத்து, செரம்பானுக்கு நடந்தே போனார். பிறகு கப்பலேறியதாகக் கேள்வி. துரை திரும்பி வந்து பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஏதோ திட்டினார், பாட்டரியைக் கழற்றி எஞ்சின் ரூமுக்குக் கொடுத்தார்.

பாட்டரி கழற்றிய நாலாம் நாள், பின்மதியத்தில், மரம் இடது கிளையைத் தூக்கிற்று. நல்லசாமி கொட்டகைக்குப் போய்ப் பார்த்தான். கார் அசையாமல் நின்றது, உள்ளே கோழி. அவன் கோழியை இறக்கிவிட்டான். வீட்டுக்கு வந்தபோது ராக்கம்மா ஏற்கனவே உலையில் இன்னொரு கைப்பிடி அரிசி போட்டிருந்தாள். காருக்குக் கால்மணி நேரம் என்றால் நடைக்கு ஒன்றரை மணி. அது கழிந்ததும் மந்தின் சாலையிலிருந்து அவள் தம்பி ஆறுமுகம் கோணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார்.

அவர் தொண்ணூறு கிலோ எடைக்கு ஏறி, தம்பின் சந்தையில் காய்கறி விற்றார். ஒன்பது பேரில் ஒருவர் மலேரியாவில் இறந்தார். எட்டுப் பேருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. கிராணி ஓய்வு பெற்று மந்தினில் வீடு கட்டினார், காற்று வராத வீடு என்று சொல்வார்கள். கார் பழைய இரும்புக்குப் போயிற்று. நல்லசாமி அதற்குப் பிறகும் அதிகம் பேசவில்லை. மறுநடவுக்கு மூன்றாம் நம்பரை வெட்டினபோது நாலு மரங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். விருந்தாளி வருகிற நாளில் ஒன்று கிளையைத் தூக்கும். அங்கே இருப்பவர்கள் உலையில் அரிசி கூடப் போடுவார்கள்.